சொந்த விளையில் நிற்கும் மரமும் சட்டமும்

குமரி மாவட்டத்தில் வீடு கட்டத் தொடங்குகிறவர்களும், மகளின் கல்யாணச் செலவுக்குப் பணம் திரட்டுகிறவர்களும், அண்ணன் தம்பிகளாகப் பாகம் பிரிக்கிறவர்களும் ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரே கேள்விக்கு வந்து சேருகிறார்கள். விளையில், அதாவது சொந்தத் தோட்டத்தில், நிற்கும் மரத்தை வெட்ட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? இதற்கு ஊரில் இரண்டு பதில்கள் உலவுகின்றன. 'என் நிலம், என் மரம், யாரைக் கேட்க வேண்டும்' என்பது ஒன்று. 'எந்த மரத்தில் கை வைத்தாலும் வனத்துறை வழக்குப் போட்டுவிடும்' என்பது மற்றொன்று. இரண்டும் பாதி சரி, பாதி தவறு. அந்தப் பாதியை அறியாததால், பயப்பட வேண்டாத இடத்தில் பயந்து மரம் நடாமல் விடுகிறவர்களும், கவனமாக இருக்க வேண்டிய இடத்தில் வெட்டிவிட்டு அலுவலகப் படி ஏறி இறங்குகிறவர்களும் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். உறவினர்களுக்காகவும் எங்கள் குடும்ப நிலத்துக்காகவும் இந்த விஷயத்தில் ஓரளவு அலைந்தவன் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சமவெளி நிலம். கர்நாடகத்தில் 1976-லேயே மரப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. தில்லியில் 1994-இல் வந்த சட்டப்படி, வீட்டு வளாகத்து மரத்தை வெட்டுவதற்கும் அதிகாரியின் அனுமதி தேவை. தமிழ்நாட்டில் எல்லாத் தனியார் நிலத்துக்கும் எல்லா மரத்துக்கும் பொருந்துகிற அப்படி ஒரு பொதுச் சட்டம் கிடையாது. ஆகவே கல்குளத்திலோ கிள்ளியூரிலோ அகஸ்தீஸ்வரத்திலோ மலைப்பகுதி அல்லாத சாதாரண பட்டா நிலத்தில் நிற்கும் மாவையோ பலாவையோ பலா இனத்துத் தடி மரமான அயினியையோ புளியையோ நாலு மூடு தென்னையையோ வெட்டுவதற்குப் பொதுவாக யாருடைய முன் அனுமதியும் வேண்டியதில்லை. 'என் நிலம், என் மரம்' என்பது இந்த அளவில் உண்மைதான். சிக்கலெல்லாம் இதற்குள்ள விதிவிலக்குகளில் இருக்கிறது. நம் மாவட்டத்தில் அந்த விதிவிலக்குகள் மற்ற மாவட்டங்களைவிட அதிகம், ஏனென்றால் இங்கே மலை வெகு அருகில் இருக்கிறது.

தோவாளை, கல்குளம், திருவட்டார், விளவங்கோடு வட்டங்களின் மலையோரக் கிராமங்களில் நிலம் வைத்திருக்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட இந்தச் சட்டம், திருவிதாங்கூரோடு இருந்த நம் பகுதி 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகே இங்கு வந்தது. தொடர்ச்சியாக 2 ஹெக்டேருக்கு மேற்பட்ட தனியார் காடுகளுக்கும், அரசு தனியாக அறிவிக்கை செய்த நிலங்களுக்கும் இது பொருந்தும். அப்படிப்பட்ட நிலத்தின் உடைமையாளர், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் முன் அனுமதி இல்லாமல் மரங்களை வெட்ட முடியாது. அது மட்டுமல்ல, நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோகூட அதே குழுவின் ஒப்புதல் வேண்டும். பலருக்கு இந்தச் சட்டம் அறிமுகமாவதே பத்திரப் பதிவு அலுவலகத்தில்தான். விலை பேசி, முன்பணம் கைமாறி, ஆதாரம் (கிரயப் பத்திரம்) எழுதி முடித்து, பதிவுக்குப் போய் நிற்கும்போதுதான் சர்வே எண் தடைப் பட்டியலில் இருப்பது தெரியவருகிறது.

இந்தச் சட்டத்தில் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. 'அங்கே இப்போது காடு எங்கே இருக்கிறது, அப்பா காலத்திலேயே ரப்பர் வைத்தாயிற்றே' என்று சொல்லி, அதனால் சட்டம் பொருந்தாது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஒரு பகுதியில் மரம் வெட்டப்பட்டது, பயிர் செய்யப்பட்டது என்ற காரணத்தால் மட்டும் தனியார் காடு என்ற தன்மை போய்விடாது என்று சட்டமே சொல்கிறது. உரிய அறிவிக்கைக்குள் அந்தச் சர்வே எண் வருகிறதா என்பதுதான் கேள்வி, இன்றைக்கு அங்கே எந்த மரம் நிற்கிறது என்பதல்ல. இதற்கு மேல், 1996 டிசம்பர் 12-இல் உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில், யாருக்குச் சொந்தமானாலும் காடு காடுதான் என்று விரிவாகப் பொருள் கொண்டதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அதே சமயம் சட்டம் மனிதர்களை அறியாமல் எழுதப்பட்டதல்ல. பட்டுப்போன மரத்தையும் விழுந்த மரத்தையும் அகற்றுவது, வழக்கமான வீட்டுத் தேவைக்கு எடுப்பது, விவசாயக் கருவிகள் செய்துகொள்வது ஆகியவற்றுக்கு அதில் விலக்கு இருக்கிறது. மண்வெட்டிக் காம்புக்கு ஒரு கம்பு வெட்டியவரைக் குற்றவாளியாக்குவது அதன் நோக்கமல்ல. ஆனால் விலக்கு இருக்கிறதென்று அதன் பெயரில் லாரி ஏற்றுவது வேறு விஷயம். இதைத் தவிர, அறிவிக்கை செய்யப்பட்ட மலைப்பகுதிகளில் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. அங்கேயும் குழுவின் அனுமதி வேண்டும். உங்கள் கிராமம் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதைப் பட்டாவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் சர்வே எண்ணைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், வேளிமலை, குலசேகரம், களியல் ஆகியவை நம் மாவட்டத்தின் வனச்சரகங்கள். வாய்மொழிப் பதிலோடு நின்றுவிடாமல் எழுத்தில் கேட்டு எழுத்தில் வாங்குவது நல்லது. அதிகாரி மாறுவார், காகிதம் மாறாது.

அடுத்தது மரத்தின் இனம். நிலம் எங்கே இருந்தாலும் சில மரங்களுக்குத் தனி விதி உண்டு. நம் முன்னோருக்கு இது புதிதல்ல. திருவிதாங்கூர் ஆட்சியில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் முதலியவை அரசுக்குரிய மரங்களாகக் கருதப்பட்டன. குடிமகனின் நிலத்தில் முளைத்தாலும் அரசின் உத்தரவில்லாமல் அவன் அதைத் தொட முடியாது. தன் நிலத்தில் தானாக முளைத்த தேக்கங்கன்றைப் பிடுங்கி எறிந்துவிடுவதே நல்லது என்று பழைய ஆட்கள் நினைத்ததற்கு இதுதான் காரணம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மரத்தைக் காப்பதற்காகப் போட்ட விதி மரம் வளர்ப்பதையே தடுத்துவிடுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

சந்தனத்தில் அந்த நிலை 2002 வரை நீடித்தது. அந்த ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டத்தில் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பட்டா நிலத்துச் சந்தன மரம் நிலத்துக்காரருக்கே சொந்தம். ஆனால் சொந்தம் என்பதால் தாமே வெட்டி விற்றுவிட முடியாது. மரத்தை வனத்துறையிடம் தெரிவித்து, அவர்கள் மூலமாகவே வெட்டி விற்று, அதில் வரும் பங்கைப் பெற வேண்டும். கொல்லைப்புறத்தில் பறவை எச்சத்தில் முளைத்த ஒரு சந்தனக் கன்று பத்து வருடத்தில் மரமாகி நிற்கும்போது, 'சின்ன மரந்தானே' என்று வெட்டிப் பூஜைக்குக் கட்டை எடுத்துக்கொள்ள நினைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஈட்டிக்கு 1994-இல் தனிச் சட்டமே வந்தது. அது 15 ஆண்டுக் காலவரையறையோடு இயற்றப்பட்டு, 2010-இல் மேலும் 15 ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. அந்தக் காலமும் 2025-இல் முடிந்தது. காலம் முடிந்ததென்று கோடாலியை எடுக்க வேண்டாம். மலையோர நிலமாக இருந்தால் நான் மேலே சொன்ன மற்றச் சட்டங்கள் அப்படியே நிற்கின்றன. ஓர் ஈட்டி மரம் வைரம் பாய்ந்து முதிர ஒரு மனித ஆயுள் போதாது. அப்படிப்பட்ட மரத்துக்கான பாதுகாப்பைப் பதினைந்து பதினைந்து ஆண்டாகத் தவணை வைத்து எழுதியது எனக்கு எந்த வகையிலும் நியாயமாகப் படவில்லை.

பனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அகஸ்தீஸ்வரம், கிள்ளியூர் பக்கத்துத் தேரிகளிலும் வரப்புகளிலும் ஒருகாலத்தில் பனை நின்ற அளவை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். அக்கானி (பதநீர்) இறக்கவும் கருப்பட்டி காய்ச்சவும் ஆள் குறைந்த பிறகு, ஏறாத பனை சும்மா நிற்கிறது என்று செங்கல் சூளைக்கு விறகாக விற்றுவிட்டார்கள். பனை நம் மாநில மரம். 2021-இல் வேளாண்மைக்கென்று முதன்முதலாகத் தனி நிதிநிலை அறிக்கை தாக்கல் செய்தபோது, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அரசு அறிவித்தது. பட்டா நிலத்துப் பனைக்கும் இது பொருந்தும் என்பது பலருக்கு இன்னும் தெரியாது. வீட்டு மனை போடுகிறவர்கள் இரவோடு இரவாகப் பொக்லைன் வைத்துப் பனைகளைச் சாய்ப்பது எங்கள் பக்கத்தில் நடந்திருக்கிறது. காலையில் பார்க்கிறவர்கள், அது அவரவர் நிலம் என்று பேசாமல் கடந்துபோகிறார்கள். பேச வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ ஆட்சியர் அலுவலகத்துத் திங்கள்கிழமை மனுநாளுக்கோ ஒரு மனு எழுதிக் கொடுக்க எவருக்கும் உரிமை உண்டு.

இனி, வெட்டுவது வேறு, கொண்டுபோவது வேறு. இந்த வேறுபாடு தெரியாமல்தான் மிகுதியானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 1968-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரக் கடத்து விதிகள், தடி, அதாவது வெட்டிய மரம், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது அதற்குரிய அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும் என்கின்றன. சில இனங்களுக்கு விலக்கு உண்டு. தேக்குக்குச் சீட்டு இல்லாமல் தீராது. அதற்கு, மரம் உங்கள் பட்டா நிலத்தில்தான் நின்றது என்று கிராம நிர்வாக அலுவலர் சான்று தர வேண்டும். பட்டா, அடங்கல், நில வரைபடம், மரங்களின் எண்ணிக்கையும் சுற்றளவும் அடங்கிய விவரம் எல்லாம் சேர்த்து வனச்சரக அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அவர்கள் வந்து பார்த்து, அடிக்கட்டைக்கும் தடிக்கும் முத்திரை வைத்த பிறகுதான் லாரி நகரலாம்.

தக்கலைக்குப் பக்கத்தில் என் சித்தப்பா வீட்டில் இதைக் கண்முன்னே பார்த்தேன். தொழுவத்துக்குப் பின்னால் ஒரு பழைய அயினி. அதற்கப்பால் வேலியோரம் சித்தப்பாவே நட்டு வளர்த்த தேக்கு மரங்கள். தடி வியாபாரி வந்து அயினியின் நெஞ்சளவு உயரத்தில் டேப்பைச் சுற்றிப் பிடித்தார். வெட்டுகத்தியின் பின்பக்கத்தால் மூட்டிலிருந்து மேலாக அங்கங்கே தட்டிக் காதை வைத்துக் கேட்டு, உள்ளே பொந்து இல்லை என்று உறுதி செய்துகொண்டார். அதன் பிறகு அண்ணாந்து பார்த்து, எத்தனை கன அடி வரும் என்று மனக்கணக்குப் போட்டார்.

"இது அயினிதானே சாரே, இதுக்குப் பேப்பர் ஒண்ணும் வேண்டாம். தேக்குண்ணா வி.ஏ.ஓ. கிட்ட எழுதி வாங்கி ரேஞ்ச் ஆபீஸ் போணும், அது பாடுதான்" என்றார் சித்தப்பாவிடம்.

அயினி ஒரே பகலில் விழுந்தது. சித்தப்பாவின் தாத்தா காலத்து மரம் அது. காய்க்கும் காலத்தில் அணில்களும் கிளிகளும் வௌவால்களும் அதில்தான் கிடக்கும். அதை வெட்டும்போது யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் தம் கையாலே நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்த தேக்குக்கோ, சான்றுக்கும் சீட்டுக்குமாக வாரக்கணக்கில் நடந்தார். கடைசியில், 'மக்கா, இனி இந்த விளையில தேக்கு வைக்கமாட்டேன்' என்று என்னிடம் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நட்டவனை அலைய வைத்து, நூறு வருடத்து மரத்தைக் கேள்வி கேட்காமல் விடுகிற ஒரு முறை எங்கோ தலைகீழாக இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

வியாபாரியின் சொல்லை மட்டும் நம்பித் தடி ஏற்றுவதிலும் ஆபத்து இருக்கிறது. விலக்குப் பட்டியல் அவ்வப்போது மாறக்கூடியது. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போகும் தடி என்றால் அங்குள்ள விதியும் சேர்ந்துகொள்ளும். வழியில் லாரி பிடிபட்டால், எந்த நிலத்திலிருந்து வந்தது என்ற கேள்வியில் உங்கள் பெயர் வந்துவிடும். விலை பேசுவதற்கு முன்பே வனச்சரக அலுவலகத்தில் இனத்தைச் சொல்லிக் கேட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. தேக்கோ மகாகனியோ நடுகிறவர்கள் நட்ட ஆண்டிலேயே அடங்கலில் மரங்களைப் பதியச் செய்துகொள்வதும் பின்னால் மிகவும் உதவும்.

மூன்றாவது, மரம் எல்லைக் கல்லுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பது. மதிலுக்கு வெளியே சாலையோரத்தில் உங்கள் தாத்தா நட்ட புளியமரம் உங்களுடையதல்ல, அது நிற்பது புறம்போக்கில். புறம்போக்கு மரத்தின் பலனை அனுபவிக்க வருவாய்த்துறை கொடுக்கும் 2சி பட்டா என்று ஒன்று உண்டு. அது காயும் ஓலையும் எடுத்துக்கொள்ளும் உரிமைதான், நிலத்துக்குப் பட்டா அல்ல, மரத்தை மூட்டோடு சாய்க்கும் உரிமையும் அல்ல. பொது இடத்து மரங்களை வெட்டுவதைப் பரிசீலிக்க ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. கடைக்கு முன்னால் நிழல் மறைக்கிறது, பெயர்ப்பலகை தெரியவில்லை என்று சாலை மரத்தின் மூட்டில் ஆசிட் ஊற்றுகிறவர்கள் செய்வது அரசுச் சொத்தைச் சேதப்படுத்தும் குற்றம்.

அண்டை வீட்டுக் கிளை நம் ஓட்டின் மேல் நீண்டால், நம் எல்லைக்குள் வந்த பகுதியை எல்லைவரை வெட்டிக்கொள்ளும் உரிமையை நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றிருக்கின்றன. ஆனால் அதற்காக அடுத்தவர் நிலத்தில் இறங்கவோ, மரமே பட்டுப்போகும்படி வெட்டவோ உரிமை இல்லை. ஐந்து சென்ட் பத்து சென்டில் வீடுகள் நெருங்கி நிற்கிற நம் ஊர்களில், காய் விழும் தென்னையைப் பற்றிய சண்டை காவல் நிலையம் வரை போவது சாதாரணமாகிவிட்டது. முதலில் ஒரு வார்த்தை நேரில் போய்ச் சொல்லிவிடுவது எவ்வளவோ மேல். சொல்லியும் கேட்காமல், மரம் உண்மையிலேயே விழுந்து ஆளைக் கொல்லும் நிலையில் நின்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133. இதன்படி நாகர்கோவில் கோட்டாட்சியரிடமோ பத்மநாபபுரம் சார் ஆட்சியரிடமோ மனுக் கொடுத்தால், மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உடைமையாளருக்கு அவர் உத்தரவிடலாம். அகற்றுவது என்றால் வெட்டுவது என்று மட்டும் பொருள் கொள்ள வேண்டாம். தாங்கல் கொடுப்பதும் அந்தப் பிரிவிலேயே வருகிறது.

மின்கம்பியைப் பற்றி ஒன்று. கம்பிக்கு இடையூறாக நிற்கும் மரத்தை அகற்ற 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 68-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் கம்பி வருவதற்கு முன்பே அந்த மரம் அங்கே நின்றிருந்தால், உரியவருக்கு நியாயமான இழப்பீடு கொடுக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. இதைக் கேட்டு வாங்கியவர்கள் மிகக் குறைவு, ஏனென்றால் இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரிவதில்லை.

2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்த பிறகு நம் மாவட்டத்தில் மரத்தைப் பற்றிய மனநிலையே மாறிவிட்டது. ரப்பரும் தென்னையும் தேக்கும் ஒரே நாளில் சாய்ந்து கிடந்ததையும், மின்கம்பங்கள் முறிந்து நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததையும் பார்த்தவர்களுக்கு வீட்டருகே பெரிய மரம் நின்றால் பயம் வருவது இயல்பு. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அடுத்து வந்த மாதங்களில், விழாமல் நின்ற மரங்களையும் முன்னெச்சரிக்கை என்ற பெயரில் வெட்டித் தள்ளினார்கள். காற்றில் எல்லா மரமும் ஒன்றுபோல் விழுவதில்லை. வேரை வெட்டி மதில் கட்டிய மரமும், ஒரு பக்கம் மட்டும் கிளை விட்ட மரமும், உள்ளே உளுத்த மரமும் முதலில் விழுகின்றன. அனுபவமுள்ள ஒரு மரமேறியைக் கூப்பிட்டுக் காட்டி, பாரமான கிளைகளைத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் குறைத்துவிட்டால் பல மரங்களைக் காப்பாற்றிவிடலாம். கூடு கட்டி முட்டையிடும் காலத்தைத் தவிர்ப்பதும் முக்கியம். பாதுகாக்கப்பட்ட காட்டுப் பறவையின் முட்டையையும் கூட்டையும் குலைப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற வரையறைக்குள் வருகிறது.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் தாய்க் கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூணைக் கட்டாயம் நின்று பார்ப்பார்கள். அந்தத் தடியைத் தந்த மாதிரியான பலாவும் அயினியும் இன்று எஞ்சி நிற்பது பெரும்பாலும் தனியார் விளைகளிலும், குடும்பத்தார் விளக்கு வைக்கும் சாஸ்தா காவுகளிலும் நாகர் காவுகளிலும்தான். காட்டைக் காக்கச் சட்டம் இருக்கிறது, சந்தனத்தைக் காக்க விதி இருக்கிறது, இவற்றைக் காக்க உடைமையாளரின் மனத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. ஒவ்வொரு மரத்துக்கும் அனுமதி கேட்க வைக்கும் கடுமையான சட்டத்தை நான் கேட்கவில்லை. அப்படி ஒன்று வந்தால், திருவிதாங்கூர் காலத்துத் தேக்கங்கன்றுக்கு நேர்ந்த கதிதான் அயினிக்கும் நேரும். தாம் நட்டு வளர்த்த தடி மரத்தை வெட்டி விற்பதை எளிதாக்குங்கள், குறிப்பிட்ட சுற்றளவைத் தாண்டிய பழைய மரத்தை வெட்டுவதற்கு முப்பது நாள் முன்பாக ஊராட்சிக்கு ஓர் அறிவிப்பு மட்டும் கொடுக்கச் செய்யுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. அந்த இடைவெளியில் கிளை குறைத்தால் போதுமா என்று ஒருவர் வந்து பார்த்துச் சொல்லலாம். மனம் மாறுகிறவர்களும் இருப்பார்கள்.

சட்டம் வரும்வரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் உயிரியல் பன்மை மேலாண்மைக் குழு அமைத்து, ஊரின் உயிர் வளத்தை மக்கள் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். எங்கள் ஊராட்சியில் நிற்கும் பழைய அயினி, பலா, இலுப்பை, புன்னை மரங்களையும் காவுகளையும், உடைமையாளரின் சம்மதத்தோடு, சர்வே எண், சுற்றளவு, தோராயமான வயது ஆகியவற்றுடன் அந்தப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்று வரும் கிராம சபையில் மனுக் கொடுக்கப் போகிறேன். சம்மதம் தர முன்வந்த வீடுகளின் பட்டியலை மனுவோடு இணைத்திருக்கிறேன். அதில் தம் விளையில் மிச்சமிருக்கும் பலா மரத்தைச் சேர்க்கச் சொல்லிச் சித்தப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.